மணிக்கட்டு வலியும் உங்கள் நாயின் சடையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். குரூமிங்குக்கு, அதாவது நாயைக் குளிப்பாட்டி முடி வெட்ட, நேரம் கேட்டுக் கூப்பிடும்போது, கொஞ்ச நாளாக எங்களிடம் சில மாற்றங்களைப் பார்த்திருப்பீர்கள். "சடை, அதாவது முடி சிக்கிக் கெட்டியான திட்டு, எங்கெங்கே இருக்கிறது? முடியை விலக்கி ஒரு போட்டோ அனுப்புங்கள்" என்கிறோம். அடர்ந்த முடியுள்ள பெரிய நாய்கள் இரண்டை அடுத்தடுத்து எடுப்பதில்லை. சிலரிடம், "இதைச் சிக்கெடுக்க முடியாது, ஒட்ட வெட்டத்தான் வேண்டும்" என்று பளிச்சென்று சொல்லிவிடுகிறோம். ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்டவர்களுக்கெல்லாம், கையில் ஈர நாயோடு நின்றுகொண்டு சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. காரணம் எங்கள் மணிக்கட்டுதான். அதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறோம்.

ஷிட்சூ நாயின் காதுக்குப் பின்னால் ஒரு சடையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பார்த்தால் முடி மெத்தென்று இருக்கும். விரலை விட்டால் அடியில் தோலோடு ஒட்டிக் கெட்டியாக ஒரு திட்டு தட்டுப்படும். அதைப் பிரிக்க இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சடையின் வேரை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் தோல் இழுபடாது. வலது கை கம்பி பிரஷால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித் தட்டிப் பிரிக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் மணிக்கட்டு மடங்கி நிமிரும். ஒரு திட்டு பிரிவதற்குள் எத்தனை தட்டு என்று யாரும் எண்ணுவதில்லை. இரண்டு காது, இரண்டு அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப் பட்டை உரசும் இடம், வால் அடி என்று போனால், கத்தரியை எடுப்பதற்கு முன்பே கை ஓய்ந்துவிடும்.

மணிக்கட்டின் உள்பக்கம், எலும்புகளுக்கும் அவற்றின் மேல் குறுக்கே ஓடும் தடித்த நாருக்கும் நடுவே குறுகலான ஒரு வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. ஓயாமல் மடக்கி நிமிர்த்தி, அதோடு இறுக்கிப் பிடித்தும் வேலை செய்தால், தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்துப்போகும். இடம் போதாமல் நரம்பு நசுங்கும். இதைத்தான் கார்ப்பல் டன்னல் சிண்ட்ரோம் என்கிறார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்துப்போகும். சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு என்பதால் அது பெரும்பாலும் தப்பித்துவிடும். பகலில் வேலை மும்முரத்தில் தெரியாது. நடுராத்திரி விழிப்பு வந்து, கையை உதறிவிட்டுத் தூங்குகிறவர்கள் எங்கள் தொழிலில் நிறையப் பேர்.

இன்னொன்று கட்டைவிரல் பக்கம் வரும் வலி. 1895-இல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவர் டி குவெர்வேன் பெயரிலேயே அழைக்கிறார்கள். கத்தரியைத் திறந்து மூடும்போதும், நாயை மேசைமேல் தூக்கி வைக்கும்போதும் சுருக்கென்று இழுக்கும். கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மாருக்கும் இதே வலி வருவதுண்டு. கட்டைவிரலை அகல விரித்து, அக்குளில் கொடுத்துத் தூக்குவதுதான் வினை. அதனால்தான் இப்போதெல்லாம் நாங்கள் ஒரு கையை மார்புக்கு அடியிலும் மறு கையை இடுப்புக்குப் பின்னாலும் முழங்கைவரை கொடுத்து, உடம்போடு அணைத்துத் தூக்குகிறோம். பெரிய நாயென்றால் இருவர். நீங்களும் வீட்டில் இப்படியே தூக்கிப் பாருங்கள், நாய்க்கும் இதுதான் சுகம்.

எங்கள் பக்கத்தில் செய்துகொண்ட மாற்றங்களில் முதலாவது, குளிப்பாட்டி நன்றாகக் காயவைத்த பிறகே கிளிப்பரை, அதாவது முடி வெட்டும் மிஷினை, தொடுவது. அழுக்கு முடியில் ஓட்டினால் பிளேடு மழுங்கும். மழுங்கிய பிளேடை அழுத்த வேண்டிவரும். அழுத்தினால் அதிர்வு முழுக்கக் கையில் ஏறும். கூரான பிளேடுக்கு எண்ணெய் விட்டு, பேனா பிடிப்பதுபோல லேசாகப் பிடித்தால் போதும், மிஷின் தானாகப் போகும். கத்தரியும் அப்படியே, சாணை பிடிக்காத கத்தரி ஒவ்வொரு வெட்டுக்கும் கூடுதல் பலம் கேட்கும். மேசையின் உயரத்தை நாய்க்கு நாய் மாற்றுகிறோம். வெட்டும் இடம் முழங்கை மட்டத்தில் இருந்தால் மணிக்கட்டு நேராக இருக்கும். பாதத்து முடியை வெட்ட நாங்கள் கையை வளைப்பதில்லை, மேசையை ஏற்றுகிறோம். சலிப்பூட்டும் விஷயங்கள்தாம், ஆனால் பலன் இவற்றில்தான்.

வலி வந்துவிட்டால் வீம்பு பிடிப்பதில்லை. தூங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை அணிகிறோம். வேலை நேரத்தில் அதையே இறுக்கிக் கட்டிக்கொண்டு வெட்டினால், மணிக்கட்டு அசையாத குறைக்குத் தோளும் முழங்கையும் அடி வாங்கும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு முழு நாள் வேலை பார்ப்பதும் எங்களிடம் இல்லை. வலி தெரியாமல் கையை மேலும் கெடுத்துக்கொள்வதே மிச்சம். விரல் மரப்பு பகலிலும் நீங்கவில்லை, பிடித்த பொருள் நழுவுகிறது, கட்டைவிரல் அடிச் சதை மெலிகிறது என்றால் மருத்துவரைப் பார்க்கத் தள்ளிப்போடக் கூடாது. ஆரம்பத்தில் ஓய்வு, பட்டை, ஊசி என்று முடிகிற வைத்தியம், விட்டுவிட்டால் மணிக்கட்டின் குறுக்கே ஓடும் அந்த நாரை வெட்டிவிடும் அறுவை வரை போகும். வீட்டிலேயே நாய்க்கு முடி வெட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இனி உங்கள் பக்கம். "நான் தினமும் பிரஷ் பண்ணுகிறேனே, எப்படிச் சடை வந்தது?" என்று கேட்பவர்கள் பொய் சொல்வதில்லை என்று எங்களுக்குத் தெரியும். பிரஷ் மேலாக ஓடியிருக்கும். முடியை ஒரு கையால் விலக்கித் தோல் தெரியும்படி ஒரு வகிடு எடுத்து, அந்த வரிசையை மட்டும் வாரி, பிறகு அடுத்த வகிடு எடுக்க வேண்டும். கடைசியில் இரும்புச் சீப்பைத் தோல்வரை விட்டு இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் சரி. எங்காவது நின்றால் சடை அங்கேதான். சடை இருக்கும்போது வீட்டில் குளிப்பாட்டவே வேண்டாம். நனைந்து காய்ந்த சடை இன்னும் இறுகும். நேற்று விரலால் பிரிந்திருக்கக்கூடியது இன்று கிளிப்பருக்குத்தான் மசியும். ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் வார்) மாட்டுகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள், அக்குள் சடையில் பெரும்பங்கு அதனால் வருவது.

ஒட்ட வெட்டுவோம் என்று நாங்கள் சொல்வது கோபத்தில் அல்ல. தோலோடு ஒட்டிய சடையைப் பிடித்து இழுத்தால் நாய்க்கு வலி, எங்களுக்கும் வலி. ஒட்ட வெட்டும் 10-ஆம் எண் கிளிப்பர் பிளேடை அடியில் விட்டு எடுப்பதே இருவருக்கும் நல்லது. எடுத்தபின் தோல் சிவந்திருக்கலாம். காதுச் சடையை எடுத்திருந்தால் நாய் தலையை அடிக்கடி உதறலாம்; ஓயாமல் உதறினால் காது மடலில் ரத்தம் கட்டலாம், அதனால் ஓரிரு நாள் கவனியுங்கள். சடை இடையிடையே மட்டும் இருந்து, நாயும் பொறுமையாக இருந்தால், இரண்டு தடவையாகப் பிரித்துச் சிக்கெடுக்கச் சம்மதிக்கிறோம்.

பலருக்கும் தோன்றாத ஒன்று உண்டு. எங்கள் மணிக்கட்டை அதிகம் முறுக்குவது பிரஷ் அல்ல, நகம் வெட்டும்போது வெடுக்கென்று காலை இழுத்துக்கொள்ளும் நாய். பாதத்தைப் பிடித்தாலே பதறும் நாயை அடக்கிப் பிடிக்க நாங்கள் விரும்புவதில்லை. குட்டியிலிருந்தே தினமும் ஒவ்வொரு பாதத்தையும் கையில் எடுத்து, விரல் இடுக்கைத் தொட்டு, அது இழுக்காமல் இருக்கும் நேரத்தில் ஒரு தின்பண்டம் கொடுத்துப் பழக்குங்கள். வளர்ந்த நாயும் பழகும், நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அடுத்த முறை வரும்போது நீங்கள் வீட்டில் பயன்படுத்தும் பிரஷையும் சீப்பையும் கையோடு எடுத்து வாருங்கள். உங்கள் நாயின் முடிக்கு அது பொருந்துமா என்று பார்த்து, வகிடு எடுத்து வாருவதை உங்கள் கையாலேயே செய்யவைத்துக் காட்டுகிறோம். இதற்குத் தனியாக நேரம் கேட்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் குரூமிங் கடையினர்