சோபா பைப்பிங்குக்கு எந்தக் கயிறு வாங்கறது, அம்மா சொல்றேன் கேளு

கண்ணு,

சோபா சீட்டு கவர் ஓரத்துல துணிப் பட்டைக்குள்ள கயிறு வெச்சு தைக்கறோமே, அந்த பைப்பிங்குக்கு நீ அனுப்புன லிங்க்ல இருந்த கயிறு எல்லாத்தையும் பாத்தேன், போன்ல சொன்னா பாதி உன் காதுல விழாது மீதிய உன் பொண்ணு பேச விடமாட்டா, அதான் எழுதறேன், நிதானமா படி. மொதல்ல ஒண்ணு, அந்த 6 மில்லி பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். வில கம்மின்னு அதுமேலயே நீ நிக்கறது எனக்கு தெரியுது, இருந்தாலும் வேண்டாம்.

மாமன்கிட்ட கேட்டியாமே, பிளாஸ்டிக் தான் ஒழைக்கும்னு சொல்லிருக்கான். அவன் வேலைக்கு அது சரி. கரூர்ல பஸ் பாடி கட்டற எடத்துல சீட்டு ரெக்சின்ல தைக்கறாங்க, தண்ணி பட்டாலும் அழுக்கு பட்டாலும் தொடச்சா போச்சு, யாரும் கழட்டி வாஷிங் மெஷின்ல போடப்போறதில்ல, ரெக்சினும் கெட்டி கயிறும் கெட்டி. உன்னோடது துணி. துணிக்குள்ள கெட்டி பிளாஸ்டிக்க வெச்சேன்னா ஒக்காந்து எந்திரிக்க எந்திரிக்க ஜீன்ஸ் ஒருபக்கம் பிளாஸ்டிக் ஒருபக்கம்னு நடுவுல மாட்டிக்கிட்டு துணி தேஞ்சிரும். சோபால மொதல்ல நைஞ்சு போறது எப்பவும் பைப்பிங் தான், வெளிய துருத்திட்டு நிக்கறது அதுதானே. இன்னொண்ணு, பண்டல்ல சுருட்டி வந்த பிளாஸ்டிக் கயிறு தைச்சப்பறமும் சுருண்டே நிக்கப் பாக்கும், மூலையில திருப்பறதுக்குள்ள உன் உசுரு போயிரும்.

நான் எக்ஸ்போர்ட் கம்பெனில செக்கிங்ல இருந்தப்ப சேர் பேடு, குஷன் கவர்னு பைப்பிங் வெச்ச பீஸ் நெறைய கையில வரும், அதுல பெரும்பாலும் பருத்திக் கயிறு தான். சொன்னபடி வளையும், ஊசி வழுக்காது, தொட்டா மெத்துனு இருக்கும். ஆனா துவைச்சா சுருங்கும், இத நல்லா மண்டைல ஏத்திக்க. உன் துணி பாலியஸ்டர் கலந்ததுன்னு சொன்ன, அது அவ்வளவா சுருங்காது, உள்ள இருக்கற கயிறு மட்டும் சுருங்குச்சுன்னா ஓரம் பூரா பாப்பாவோட ஃபிராக் ஃபிரில் கணக்கா இழுத்துக்கிட்டு நிக்கும், அயர்ன் போட்டாலும் சரியாகாது. பாப்பா அந்த சோபால ஜூஸ் கொட்டாம இருக்கப்போறாளா, கவர கழட்டி கழட்டி துவைக்கத்தானே போற. அதனால பருத்தி வாங்கறதா இருந்தா கயித்துல சரியா ஒரு மீட்டர் வெட்டி நீ எந்த சூட்டுல கவர துவைப்பியோ அதே சூட்டுல துவைச்சு காயவெச்சு திரும்ப அள, கொறஞ்சிருந்தா மொத்த கயித்தையும் துவைச்சு காயப்போட்டு அப்பறமா தை. இந்த ரோதனையே வேண்டாம்னா பாலியஸ்டர் கயிறு வாங்கு, பத்து காசு எச்சா ஆனா ஆயிட்டுப் போகுது.

அந்த ரெண்டாவது லிங்க்ல இருக்கே, காகிதத்த முறுக்கி மேல வலை மாதிரி நூல் சுத்தினது, அது பாக்க வழவழன்னு அழகா இருக்கும், மெல்லிசு துணில கூட முறுக்கு வரி மேல தெரியாது. ஆனா அது ஆணி அடிச்சோ ஸ்டேப்பிள் போட்டோ நிரந்தரமா மூடற சேருக்குத்தான், தண்ணில போட்டா போச்சு. ஸ்பாஞ்ச் கயிறும் ஒண்ணு இருக்கு, வளைவு ஜாஸ்தி இருக்கற சீட்டுக்கு நல்லாருக்கும், உனக்கு அது தேவைப்படாது. பால்கனி பெஞ்சுக்கும் இதையே போடலாமான்னு கேட்டல்ல, அங்க மட்டும் பருத்தி கூடவே கூடாது, மழைத்தண்ணிய குடிச்சிட்டு காயாம கெடந்து உள்ளயே பூஞ்ச புடிச்சிரும், பாலியஸ்டர் தான், நூலும் பாலியஸ்டர் நூலா இருக்கட்டும்.

இப்ப சைஸ். கயித்த வெறும் கயிறா பாத்து மெல்லிசா இருக்குன்னு சொல்லாத, துணியில சுத்திப் பாரு. உன் துணி தடிமன் கிட்டத்தட்ட ஒரு மில்லி இருக்கும், 4 மில்லி கயித்து மேல சுத்தினா ரெண்டு பக்கமும் சேந்து 6 மில்லி ஆயிருது, அதுவே சோபாவுக்கு போதும். நீ 6 மில்லி வாங்கினா வெளிய 8 மில்லிக்கு தடியா நிக்கும், பெரிய சோபாவுக்கு அது ஒரு ஸ்டைல், உன் ரெண்டு சீட்டுக்கு வேண்டாம். அதோட கயிறு தடியா ஆக ஆக மூலை முண்டு முண்டா வரும், நாங்க செக்கிங்ல மொதல்ல தடவிப் பாக்கறதே மூலையத்தான்.

துணி பட்டை எத்தன அகலம்னு நெட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, நீயே கணக்கு போட்டுக்க. 4 மில்லி கயித்தோட சுத்தளவு பன்னெண்டரை மில்லி, ரெண்டு பக்கமும் தையலுக்கு 12 மில்லி 12 மில்லி விட்டா 37 கிட்ட வருது, ஒன்றரை இன்ச்சுன்னு வெட்டிக்க, துணி தடியா இருக்கறதால ரெண்டு மூணு மில்லி சேத்தே வெட்டு. கிராஸ்ல தான் வெட்டணும், 45 டிகிரி, அப்பத்தான் இழுபட்டு மூலையில மடங்கும். நேர் ஓரத்துக்கு மட்டும்னா நேரா வெட்டினாலும் குடி முழுகாது, ஆனா உன் சீட்டுக்கு நாலு மூலை மேல நாலு மூலை கீழ இருக்கே. நீளம் பாத்தா சீட்டு 60க்கு 55 சென்டிமீட்டர்னு அனுப்பிருந்த, ஒரு சுத்துக்கு 230, மேலயும் கீழயும் 460, இணைப்புக்கு கொஞ்சம் விட்டா 480, ரெண்டு சீட்டுக்கு பத்து மீட்டர் வெச்சுக்க, கயிறு 12 மீட்டரா வாங்கிரு. 140 அகலத் துணில அரை மீட்டர் இருந்தாலே பட்டைக்கு தேறும், ஆனா துண்டு துண்டா வந்து ஏகப்பட்ட ஜாயிண்ட் விழும், ஒரு மீட்டரா வாங்கினா ஜாயிண்ட் பாதியா கொறையும், மிச்சத்துல ஒரு குட்டி தலகாணி தைச்சுக்க.

ஜாயிண்ட்டும் சாய்வா போடு, நேரா போட்டா நாலு மடிப்பும் ஒரே எடத்துல குமிஞ்சிரும். கயித்த துணில வெச்சு மொதல் தையல் போடறப்ப ஒட்டி நசுக்காத, ஒரு மில்லி தள்ளி போடு, சீட்டோட சேத்து தைக்கறப்பதான் ஒட்டி வரணும், இல்லன்னா பழைய தையல் வெளிய தெரியும். மெஷின்ல துணிய அமுக்கிப் புடிக்கற பைப்பிங் ஃபுட்டு இருக்கே, அது அடியில பள்ளம் இருக்கும், அது 4 மில்லி கயித்துக்கு ஆகறதான்னு பாத்து வாங்கு, இல்லன்னா ஜிப் தைக்கற ஃபுட்ல ஓட்டு. மூலைக்கு வந்ததும் தையல் தொடாம ஓரத்துல மூணு வெட்டு குடுத்து திருப்பு. தைக்கறப்ப கயித்த இழுக்காத, இது உங்கிட்ட தனியா சொல்லணும், நீ எதையும் இழுத்து இழுத்துத்தான் செய்வ. கடைசில ரெண்டு முனையும் சேர்ற எடத்துல துணிய மட்டும் ஒண்ணு மேல ஒண்ணு மடி, உள்ள கயிறு ரெண்டும் முட்டி நிக்கணும், ஏறி நிக்கக்கூடாது. அந்த எடம் சீட்டோட பின்பக்கம் வர்ற மாதிரி ஆரம்பிச்சுக்க.

மரக்கை ஓரத்துல ஸ்டேப்பிள் தெரியுதுன்னியே, அதுக்கு ரெண்டு கயிறு பக்கத்துல பக்கத்துல வர்ற டபுள் பைப்பிங் தைச்சு பசை வெச்சு ஒட்டணும், அத இப்ப தொடாத, மொதல்ல சீட்டு முடியட்டும்.

பழைய பெட்ஷீட்ல ஒரு மூலை மட்டும் தைச்சு போட்டோ அனுப்பு, கிட்டத்துல எடு, நான் பாத்து சரின்னு சொன்னப்பறம் நல்ல துணில கத்திரி வை. இங்க ராத்திரி பத்து மணிக்கு மேல அனுப்பாத, உனக்கு அது சாயங்காலம், இங்க போன் சத்தம் கேட்டாலே அப்பா உனக்கு என்னமோன்னு பதறி எந்திரிச்சுக்கறாரு.

அம்மா