குண்டுக்கும் சாவுக்கும் நடுவில்

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, பதவியில் இருக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அதிபர்கள் லிங்கன், கென்னடி ரெண்டு பேர்தானே என்றாய். நாலு பேர்டா என்றேன். மிச்சப் பேரைச் சொல்வதற்குள் உன்னை வார்டிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். உன்மேல் தப்பில்லை. இத்தனை வருடம் வரலாறு நடத்திய நானே வகுப்பில் அந்த இரண்டு பேரோடு நிறுத்திக்கொண்டவள்தான். மற்ற இருவரில் ஜேம்ஸ் கார்ஃபீல்டின் கதையை நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் சாவில் உன் தொழில்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர் பதவிக்கு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. 1881 ஜூலை 2, வாஷிங்டன் ரயில் நிலையம். சுட்டவன் சார்லஸ் கீட்டோ. தேர்தலில் தன் பேச்சால்தான் கார்ஃபீல்டு ஜெயித்தார் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டு, பாரிஸில் தூதரகப் பதவி கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவன். துப்பாக்கி வாங்கும்போதுகூட, பின்னால் அருங்காட்சியகத்தில் வைத்தால் எது பார்க்க நன்றாக இருக்கும் என்று யோசித்தானாம்!

ஒரு குண்டு கையை உரசிப் போனது. இன்னொன்று முதுகில் பாய்ந்து, தண்டுவடத்தையும் பெரிய ரத்தக்குழாய்களையும் தொடாமல் கணையத்துக்குப் பின்னால் போய்த் தங்கிவிட்டது. அதைத் தேடித்தான் டாக்டர்கள் கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்டுத் துழாவினார்கள், நிலையத்திலேயே தொடங்கி, நாள் கணக்காக. காயத்துக்குள் கிருமி போகாமல் பார்ப்பதைப் பற்றி ஜோசப் லிஸ்டர் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1876-இலேயே ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து விளக்கிவிட்டுப் போயிருந்தார். அங்கிருந்த பெரிய டாக்டர்கள் பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிகிச்சைக்குத் தலைமை தாங்கியவர் பெயர் பிளிஸ். பெற்றோர் அவருக்கு வைத்த முதல் பெயரே 'டாக்டர்' என்பதுதான், கேலி இல்லை. டாக்டர் டாக்டர் பிளிஸ்.

தொலைபேசி கண்டுபிடித்த கிரஹாம் பெல், உடலுக்குள் உலோகம் எங்கே இருக்கிறது என்று ஒலியால் காட்டும் ஒரு கருவியோடு வந்தார். அதிபர் படுத்திருந்த மெத்தையில் இரும்புச் சுருள்கள் இருந்ததால் கருவி குழம்பிப்போனது. குண்டு வலப்பக்கம்தான் என்று பிளிஸ் அடித்துச் சொல்லியிருந்தார், அதனால் அந்தப் பக்கம் மட்டும்தான் தேட விட்டார். பிரேதப் பரிசோதனையில் பார்த்தால் குண்டு இடப்பக்கம்!

காயத்தில் சீழ் பிடித்து ஆள் எலும்பும் தோலுமாகிவிட்டார். செப்டம்பரில் கடல் காற்றாவது பிடிக்கட்டும் என்று நியூ ஜெர்சிக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். தங்கப்போகும் வீட்டு வாசல்வரை வண்டி போக, ஒரே இரவில் தனியாகத் தண்டவாளம் போட்டார்கள். கடைசி மேட்டில் எஞ்சினால் ஏற முடியவில்லை. கூடியிருந்த ஆட்கள் கையாலேயே பெட்டியைத் தள்ளி ஏற்றினார்கள். எனக்கு இந்த இடத்தில்தான் தொண்டை அடைக்கிறது. செப்டம்பர் 19 அன்று இறந்தார். சுடப்பட்டு 79 நாள். கீட்டோ வழக்கு மன்றத்தில், கொன்றது டாக்டர்கள், நான் சுட்டேன் அவ்வளவுதான் என்றான். தப்பிக்கச் சொன்ன பேச்சுதான். ஆனாலும் முழுக்கப் பொய் என்று தள்ள முடியவில்லையே. 1882-இல் தூக்கிலிட்டார்கள்.

நாலாமவர் மெக்கின்லி, 1901, பஃபலோ பொருட்காட்சி. கைகுலுக்க வரிசையில் வந்தவன் கைக்குட்டைக்குள் துப்பாக்கியைச் சுற்றி வைத்திருந்தான். அந்தக் குண்டும் கிடைக்கவில்லை. அதே பொருட்காட்சியில் எக்ஸ்ரே இயந்திரம் இருந்தும் பயன்படுத்தவில்லை. எட்டாம் நாள் உயிர் போய்விட்டது, உள்ளே எல்லாம் அழுகி.

அப்புறம், இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்க. அவரை நமக்கு, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956 தனிச் சிங்களச் சட்டத்தால் தெரியும், தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு 1957-இல் போட்ட ஒப்பந்தத்தைப் பிக்குகள் எதிர்த்ததும் மறு வருடமே கைவிட்டதால் தெரியும். அவர் செத்த விதத்தை யாரும் பேசுவதில்லை. 1959 செப்டம்பர் 25, கொழும்பில் அவர் வீட்டுக்கு வந்த ஒரு பிக்குவே சுட்டார், சோமராம. அறுவை சிகிச்சை செய்தும் மறுநாள் இறந்தார். ஆனால் அந்த நேரத்துக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து நாட்டுக்கு ஓர் அறிக்கை விட்டார். சுட்டது காவியுடுத்திய ஒரு மூடன், அவனிடம் பழிதீர்க்க வேண்டாம், கருணை காட்டுங்கள் என்று. அவர் அரசியலை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் வயிற்றில் குண்டோடு படுத்துக்கொண்டு இதைச் சொல்ல எப்படி மனசு வந்ததோ!

அவர் ஆட்சியில் மரண தண்டனையை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் கொலைக்குப் பிறகு திரும்பக் கொண்டுவந்து, 1962-இல் சோமராமவைத் தூக்கில் போட்டார்கள்.

சரி, நைட் ட்யூட்டி முடிந்து தூங்கி எழுந்ததும் போன் செய். பிரிட்டனில் பர்சிவல் என்று ஒரு பிரதமர் இருந்தார், அவர் கதை இன்னும் பாக்கி.

அம்மா