டிகிரி குறைத்துக் காட்டும் பாமே மானிகளை மாற்றித் தரக் கோரி

அனுப்புநர்: உப்பு உற்பத்தியாளர்கள், தூத்துக்குடி
பெறுநர்: மேலாளர், விற்பனைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

உப்பு நீரின் அடர்த்தியை அளக்கத் தங்களிடம் வாங்கிய 6 பாமே மானிகளில் 4 மானிகள் 3 பாமே டிகிரி குறைத்துக் காட்டுகின்றன. உப்பளத்தில் இது சின்னப் பிழை இல்லை. கடல்நீரைத் தேக்கிச் செறிவாக்கும் தெப்பத்துக்குள் அது வரும்போது சுமார் 3 டிகிரி. 13, 14-ஐத் தாண்டியதும் ஜிப்சம் படியத் தொடங்கும். 25-ஐ ஒட்டி உப்பு விளையும். 29 ஆனதும் மிச்சமிருக்கும் கசப்பு நீரைத் திறந்துவிட வேண்டும். உப்பின் பெரும்பகுதி இறங்குவது இந்த நாலு டிகிரிக்குள்தான்.

மானி 25 காட்டட்டும் என்று தெப்பத்தில் நிறுத்திய நீர் உண்மையில் 28. பாத்தியில் விளைய வேண்டிய உப்பு தெப்பத்திலேயே ஜிப்சத்தோடு சேர்ந்து இறுகிவிட்டது. பாத்தியிலோ, மானி 29 காட்டியபோது நீர் 32-ஐ எட்டியிருந்தது. மெக்னீசிய உப்புகள் கலந்ததால் வாரிய உப்பு கசக்கிறது. அம்பாரத்தில் ஈரம் காயவே இல்லை.

வெயிலில் நீர் சூடாகி அடர்த்தி குறைந்திருக்கும் என்று தொலைபேசியில் பதில் சொன்னீர்கள். அதை ஏற்க முடியாது. 15 டிகிரி செல்சியஸுக்குக் குறித்த மானி, 35 செல்சியஸ் நீரில் ஏறத்தாழ ஒரு பாமே டிகிரிதான் குறைத்துக் காட்டும். மேலும், மானியை மிதக்கவிட்ட அதே நீரை அப்போதே எடைபோட்டோம். ஒரு லிட்டர் 1,208 கிராம். அதாவது 25 டிகிரி. மானி காட்டியது 22.

பிழை எங்கே என்றும் தெரிகிறது. தண்டுக்குள் இருக்கும் அளவுக் காகிதம், பசை இளகிக் கீழே சறுக்கியிருக்கிறது. நல்ல தண்ணீரில் விட்டால் 0 கோடு ஏறத்தாழ அதே 3 டிகிரி அளவுக்கு முழுகிவிடுகிறது. பாமே அளவில் கோடுகள் சம இடைவெளியில் இருப்பதால், சறுக்கிய காகிதம் எல்லா இடத்திலும் ஒரே பிழையைத்தான் காட்டும். மானியின் அடியில் பாரத்துக்காக வைத்த ஈயக் குண்டின் எடை தவறியிருந்தால் பிழை நீரின் அடர்த்திக்கேற்ப மாறியிருக்கும்.

ஆகவே 6 மானிகளையும் 10 நாளுக்குள் மாற்றித் தாருங்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் மானி வந்தும் பயனில்லை. புதியவை 0, 15, 25 டிகிரிகளில் சோதித்த சான்றோடு வரட்டும். காகிதத்தின் 0 கோட்டுக்கு நேராகக் கண்ணாடியிலும் ஒரு கோடு கீறித் தந்தால், சறுக்கல் பார்த்தவுடனே தெரிந்துவிடும். கெட்ட உப்புக்கான இழப்பீட்டையும் கோருகிறோம். எடைக் குறிப்புகளை இணைத்துள்ளோம்.

இதே தொகுப்பில் மானி வாங்கிய மற்ற உப்பளங்களுக்கும் உடனே தகவல் கொடுங்கள். அவர்களும் இதை நம்பித்தான் மடை திறந்துகொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
உப்பு உற்பத்தியாளர்கள்