பட்டன் இருக்கு, டயர் இல்லை

புதுச்சேரி
புரட்டாசி கடைசி சனி

அன்புள்ள பாஸ்கர்,

நாலு மாசமா பதில் போடலை, தப்புதான். அம்மாவுக்கு முட்டிவலி தேவலைன்னு குண்டு சேகர் சொன்னான். இங்க எல்லாரும் சௌக்கியம். திட்டுறதை நேர்ல வச்சுக்கோ. உன் போர்ஷே கேமன் காரோட டயர் விஷயம் அவசரம்.

"பட்டன் ஆறு மில்லி இருக்கு, இன்னும் மூணு வருஷம் ஓடும்"னு எழுதியிருக்கே. டயர் மேல வெட்டியிருக்கிற பள்ளத்தோட ஆழத்தை மட்டும்தான் அளந்திருக்கே. நீ அனுப்பின படத்துல டயர் பக்கவாட்டுல டிஓடின்னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசை முடியுற இடத்துல 3216னு இருக்கே, அதைப் படிச்சியா? அதுதான் டயர் செஞ்ச தேதி: 2016-ஆம் வருஷம், 32-ஆவது வாரம். ஆடி மாசத்துல பொறந்த டயர்டா அது! ஒன்பது வயசு. ஆடித் தள்ளுபடியில அடிச்சுட்டு வந்த மாதிரி நீ குதிக்கிறே.

ஆறு வருஷம் தாண்டின டயர்ல ஓட்டவே கூடாதுன்னு போர்ஷே சொல்லுது. டயர் கம்பெனி மிஷ்லின் கொஞ்சம் தாராளம்: அஞ்சுக்கு மேல வருஷா வருஷம் தொழில் தெரிஞ்சவங்ககிட்ட காட்டணும், பத்து ஆனா பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழட்டணும். மெதுவா போற வண்டிக்கு அந்தப் பத்து சரி. உன் வண்டிக்கு ஆறுதான் கணக்கு.

ரோட்டுல இருக்கிற பொடிப்பொடி மேடு பள்ளத்துல ரப்பர் அமுங்கி உட்கார்ந்தாத்தான் பிடி கிடைக்கும். வயசாக ஆக ஆக்சிஜன் பட்டு ரப்பர் இறுகிடும். நம்ம ஊர் வெயில் அதை இன்னும் முடுக்கி விடும். காத்துல இருக்கிற ஓசோன் பட்டு வெடிப்பு விழாம இருக்க ரப்பருக்குள்ளயே மெழுகும் மருந்தும் கலந்திருப்பாங்க. டயர் ஓடி வளைஞ்சு நிமிர்ந்தாத்தான் அது மேல கசிஞ்சு வரும். அதனால "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுக்கிறேன்"னு பெருமைப்படாதே, நிக்கிற வண்டியிலதான் வெடிப்பு சீக்கிரம் விழும். பாலிஷ் போட்டுப் பளபளன்னு வச்சிருக்கே பாரு, முதல்ல அதைத் துடை. பட்டன் பள்ளத்துக்குள்ளயும் பக்கவாட்டுலயும் மயிரிழை மாதிரி கோடு தெரியுதான்னு டார்ச் அடிச்சுப் பார். நைட்ரஜன் அடிச்சா வயசு ஏறாதுன்னு எவனோ சொன்னானாமே? வெளிப்பக்கம் பூரா நம்ம காத்துதானேடா!

காய்ஞ்ச ரோட்டுல நிதானமா போனா இது எதுவும் தெரியாது. ஐப்பசி மழையில ஈசிஆர் வளைவுல பிரேக் மிதிக்கிறப்பதான் தெரியும். உன் வண்டிக்குப் பின் டயர் 265 மில்லி அகலம். அகலமான டயர் தண்ணி மேல சீக்கிரம் மிதக்கும். சட்டத்துக்கு 1.6 மில்லி போதும், மழைக்கு குறைஞ்சது மூணு மில்லி வேணும். உனக்கு ஆழம் இருக்கு, ரப்பர்தான் கல்லாயிடுச்சு.

2013-ல கலிஃபோர்னியாவுல ஒரு போர்ஷே கரேரா ஜிடி கார் மோதி ரெண்டு பேர் போனாங்களே, அந்த டயருக்கும் ஒன்பது வயசு. காரணம் வேகம்தான்னு விசாரணை முடிஞ்சது; ஆனா டயர் வயசும் அறிக்கையில இருக்கு. பயமுறுத்த எழுதலை. சரி, கொஞ்சம் பயமுறுத்தத்தான்.

தேதி டயருக்கு ஒரு பக்கம்தான் இருக்கும், சில சமயம் அது உள்பக்கமா மாட்டியிருக்கும். அதனால வண்டியை லிஃப்ட்ல ஏத்தி நாலையும் பார். அப்படியே பின் டயரோட உள் ஓரத்தைத் தடவிப் பார். கேம்பர், அதாவது சக்கரத்தோட சாய்வு இருக்கிறதால வெளியில நல்லா இருந்தாலும் அங்க தேஞ்சிருக்கும்.

வாங்குறப்ப நாலும் ஒரே மாடல், முன்னால 235/40, பின்னால 265/40, ரெண்டும் ஆர்18, வேகக் குறி ஒய். என்0, என்1னு போர்ஷே முத்திரை இருந்தா ரெண்டையும் கலக்காதே. பில் போடுறதுக்கு முன்னாடி தேதி பார். கடையில ரெண்டு வருஷம் தூங்கின சரக்கு வேண்டாம். வால்வும் மாத்திடு, அலைன்மென்ட் பண்ணிடு. வெளிப்பக்கம்னு எழுதின பக்கம் வெளியில இருக்கணும், உன் பஞ்சர் கடை அண்ணனை நம்பி விட்டுட்டு டீ குடிக்கப் போயிடாதே. முதல் 300 கிலோமீட்டர் நிதானம். புது ரப்பர் மேல வழவழப்பு இருக்கும்.

காசு கணக்குப் பார்ப்பேன்னு தெரியும். மஞ்சக்குப்பம் மைதானத்துல சைக்கிள் டியூபுக்கு ஒட்டு மேல ஒட்டு போட்டவன்தானே நீ. அந்த பிஒய் நம்பர்ல, அதான் புதுச்சேரிப் பதிவுல, பழைய ஓனர் மிச்சம் பிடிச்ச வரியை நினைச்சு மனசைத் தேத்திக்கோ.

தீபாவளிக்குள்ள மாத்திட்டுச் சொல்லு. மாத்தினதும் வண்டியை எடுத்துக்கிட்டு இங்க வா. அதுவரைக்கும் பஸ்லயே வா.

உன்,
ரவி