உலர் வலயத்தின் ஈரமும் ‘இடைப்பருவ’ மழையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் காலநிலை பற்றித் தங்கள் பத்திரிகையின் வார இதழில் வெளிவந்த கட்டுரையையும், அதற்கு மறுப்பாக அடுத்த வாரம் வந்த வாசகர் கடிதத்தையும் படித்தேன். ஆண்டு முழுவதும் வியர்த்துக் கொட்டும் ஓரிடத்தைப் பாடநூல்கள் ‘உலர் வலயம்’ என்று அழைப்பது பிழை, அதனை ஈரமான அயனமண்டல (வெப்பமண்டல)ப் பகுதி என்றே வகைப்படுத்த வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். இங்கே பருவம் என்று சொல்லத்தக்க எதுவுமே இல்லை, வெயிலும் இடையிடையே மழையும்தான் உண்டு என்கிறார் கடிதக்காரர். வலயத்தின் பெயரை இருந்தபடியே விட்டுவிடலாம், பருவங்களுக்கு நாம் இட்டிருக்கும் பெயர்களைத்தான் திருத்த வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கான காரணங்களை எழுத அனுமதி வேண்டுகிறேன்.

கட்டுரையாளர் கண்டது பொய்யில்லை. கடலும் கடனீரேரியும் சூழ்ந்த குடாநாட்டில் உப்புச்சாடியை மூடாமல் வைத்தால் கடும் கோடையிலும் உப்பு நீர்த்துப்போகும். ஆனால் ‘உலர்’ என்ற அடைமொழி வளியின் ஈரப்பதனைப் பார்த்துச் சூட்டப்பட்டதன்று. ஆண்டு மழை 2,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் ஈர வலயம், 1,750க்கும் 2,500க்கும் இடைப்பட்டால் இடை வலயம், 1,750க்குக் குறைந்தால் உலர் வலயம் என்பதே இலங்கையில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெறும் யாழ்ப்பாணம் இதன்படி உலர் வலயம். அதில் பாதியளவே பெறும் லண்டனை ஒருவரும் உலர்ந்த நகரம் என்று சொல்வதில்லை. லண்டனின் மழை மாதந்தோறும் சிறிது சிறிதாக வந்து மங்கிய வெயிலில் மண்ணிலேயே தங்குகிறது. நமது மழையோ மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிட, எஞ்சிய ஒன்பது மாதமும் சூரியனும் சோளகம் எனும் தென்மேற்குக் காற்றும் அதனை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. மழையாக வருவதையும் ஆவியாகப் போவதையும் வரவு செலவுபோல எழுதிப் பார்த்தே ஒரு காலநிலையை மதிப்பிட வேண்டும் என்று அமெரிக்க அறிஞர் தோர்ந்துவெயிற் 1948இல் வகுத்த முறை இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். சுண்ணக்கல்லின் மீது வாழ்ந்து, கிணற்றை மட்டுமே நம்பி, ஆவணியில் நீர்மட்டம் இறங்கி உவர் ஏறுவதைக் காணும் ஒருவருக்கு ‘உலர்’ என்ற சொல்லில் பிழை தோன்றாது.

எல்லைக்கோடுகள் எல்லாம் துல்லியமானவை என்று நான் வாதிடவில்லை. ஈர வலயத்தின் முகமாக நாம் எண்ணும் கொழும்பின் சராசரி மழையே 2,500ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அதனால்தான் விவசாயத் திணைக்களத்தார் மூன்று வலயங்களோடு நில்லாமல், உயரத்தையும் மண்ணையும் சேர்த்துப் பார்த்து நாட்டை 46 விவசாயச் சூழலியற் பிரதேசங்களாகப் பிரித்தனர். அப்பிரிப்பில் சராசரி மழைக்குப் பதிலாக, நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளுக்கு நம்பக்கூடிய மழையளவு எடுத்துக்கொள்ளப்பட்டது. சராசரியை நம்பி விதைத்தவன் எத்தனை முறை ஏமாறுவான் என்பது வயலில் நின்றவருக்குத் தெரியும்.

வெப்பநிலையையும் மழையையும் கொண்டு உலகக் காலநிலைகளைப் பிரிக்கும் கொப்பன் வகைப்பாட்டைக் கட்டுரையாளர் துணைக்கு அழைக்கிறார்; அதற்கு வருகிறேன். மழை முழுவதும் கோடை அரையாண்டில் விழுவதாக வைத்துக்கொண்டாலும், 28 பாகை சராசரி வெப்பநிலையுள்ள ஓரிடம் அம்முறையின்படி வறண்ட காலநிலைக்குள் அடங்குவதற்கு ஆண்டு மழை 840 மில்லிமீற்றருக்குக் குறைந்திருக்க வேண்டும். நம்மைப்போல் மழை மற்றைய அரையாண்டில் விழுந்தால் அந்த எல்லை 560 ஆக இறங்கிவிடும். ஆகவே யாழ்ப்பாணம் அங்கே ஐயமின்றி அயனமண்டலக் காலநிலை. இதுவரை கட்டுரையாளர் சொல்வது சரி. ஆனால் அவர் காட்டும் உலகப்படத்தில் நாம் ‘குளிர்காலம் வறண்ட சவன்னா’ என்ற நிறத்துக்குள் அடைக்கப்பட்டிருக்கிறோம். கோடை வறண்ட சவன்னா என்று தனியே ஒரு குறியீடு இருந்தும், அது உலகில் அருகியே காணப்படுவதால், படம் வரைவோர் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றனர். விளைவாக, கார்த்திகையில் முழங்கால் வெள்ளத்தில் நிற்கும் ஊர் படத்தில் அப்போது வறண்டு கிடக்கிறது. மேலும், சித்திரை தொடக்கத்தில் ஒருமுறையும் ஆவணி நடுவில் ஒருமுறையும் சூரியன் நம் உச்சிக்கு நேரே வந்து போகிறது. இப்படிப்பட்ட இடத்தில் கோடை, குளிர்காலம் என்று ஆண்டை இரண்டாக வெட்டும் வழக்கமே ஐரோப்பியர் தம் ஊருக்குத் தைத்த சட்டை.

இனிப் பருவங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்காகப் பிரிக்கிறது: மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப்பருவம்; மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற் பருவக்காற்று; ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம்; டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இது காற்றின் திசையை வைத்துச் செய்த பிரிப்பு. அந்த அளவில் குறை சொல்ல ஏதுமில்லை. ஐப்பசியில் காற்று ஒரு திசையில் நிலைகொள்வதில்லை என்பதும், இரத்தினபுரியிலோ கொழும்பிலோ அம்மாதங்களில் மாலை இடிமழையே மிகுதி என்பதும் உண்மை. அங்கே ‘இடை’ என்பது பொருந்தும்.

வடக்கிலும் கிழக்கிலும் அது பொருந்தாது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் கூடிய மழை விழும் மாதம் நவம்பர். ஆண்டு மழையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் வருகிறது. அவற்றில் முதல் இரண்டையும் ‘இடை’யில் தள்ளிவிட்டு, மழை ஓய்ந்து பனி இறங்கும் பெப்ரவரியைப் பருவக்காற்றுக் காலத்துள் வைத்திருக்கிறோம். பாக்கு நீரிணைக்கு அப்பால், நாகப்பட்டினத்தில், இதே வங்கக் கடல் முகில் ஒக்டோபரில் பெய்தால் அது வடகிழக்குப் பருவமழை; காங்கேசன்துறையில் பெய்தால் பருவத்துக்கு இடைப்பட்ட மழை. 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி நமது அட்டவணையில் இடைப்பருவத்தைச் சேர்ந்தது. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வட இலங்கையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த சூறாவளி வடகீழ்ப் பருவத்தைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே கடலில், ஒரே வகைத் தாழமுக்கத்தில், ஒரே மாரியில் பிறந்தவை. அவற்றை இரு பெட்டிகளில் இட்டுப் படிக்கும் மாணவருக்கு மாரி என்றால் என்னவென்று எப்படி விளங்கும்?

பருவமே இல்லை என்ற கடிதக்காரருக்கு நான் வேறு சான்று தேடவேண்டியதில்லை. புரட்டாதிக்கு முன்னரே காய்ந்த மண்ணில் நெல் விதைத்து மழையை எதிர்பார்த்திருக்கும் விவசாயியும், சோளகம் தொடங்கியதும் மேற்குக் கரையைவிட்டு முல்லைத்தீவுப் பக்கம் வாடி (தற்காலிகக் குடில்) அமைக்கப் போகும் கடற்றொழிலாளியும், வாடைக் காற்றைக் கணக்கிட்டுத் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றும் இளைஞரும் பருவத்தைக் கொண்டே நாளை எண்ணுகிறார்கள். குடாநாட்டில் மாரிப் பயிரான காலபோகம் ஒன்றே மழையை நம்பி விளைவது. கோடைப் பயிரான சிறுபோகம் செய்ய இரணைமடு போன்ற குளம் வேண்டும். மட்டக்களப்பாருக்கு இன்னொரு பருவமும் உண்டு. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது சூடேறி உலர்ந்து வரும் காற்றை அவர்கள் கச்சான் என்பார்கள். (கொறிக்கிற கச்சானுக்கும், அதாவது நிலக்கடலைக்கும், இதற்கும் குழப்பம் வேண்டாம்.) மேற்கே ‘தென்மேற் பருவமழை’ என்று எழுதப்படும் அதே காற்றுத்தான் கிழக்கே நாக்கை வறளச் செய்கிறது. ஒரு பெயரை நாடு முழுவதற்கும் பூசினால் நேரும் சிக்கல் இதுதான்.

எனவே காற்றின் அட்டவணையை வானிலை அறிஞர்களுக்கு விட்டுவிட்டு, வடக்கு, கிழக்கு மாகாணப் பாடசாலைகளில் நீரின் அட்டவணையையும் சேர்த்துக் கற்பிக்கலாம் என்று நினைக்கிறேன். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி. தையும் மாசியும் பனிக்காலம். பங்குனி, சித்திரை இடைக்கிடை இடிமழையுள்ள கோடை. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம். மாதக் கணக்கில் சிறு மாற்றங்களை மாவட்டந்தோறும் செய்துகொள்ளலாம். மட்டக்களப்பில் மாரி தையிலும் நீளும் என்பதை அங்குள்ள ஆசிரியர்கள் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, அவ்வூர் வெள்ளங்களே சொல்லியிருக்கின்றன. இச்சொற்களுள் ஒன்றேனும் புதிதாக ஆக்கப்பட்டதன்று.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பத்திரிகையின் வானிலைப் பகுதியில் நாள்தோறும் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் மட்டுமே அச்சிடுகிறீர்கள். குடாநாட்டில் ஈரப்பதன் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லையாதலால், அந்த எண்ணைப் பார்த்து எவரும் எதையும் அறிந்துகொள்ள இயலாது. அதற்குப் பதிலாக, ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து அன்றுவரை பெய்த மொத்த மழையையும், அதே நாள்வரையிலான நீண்டகாலச் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். வரும் மாரியிலிருந்தே தொடங்கலாம். இடம் இரண்டு வரிக்கு மேல் பிடிக்காது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்,
வடமராட்சி.