தமிழ்வழி ஆசிரியர் மன்றம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி வட்டாரப் பள்ளிகளில் பணிபுரியும் தமிழ்வழி ஆசிரியர்களின் மன்றம் கடந்த ஜூன் முதல் இந்த மார்ச் வரை ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு நான்கு முறை கூடியது. செப்டம்பர் 5 ஆசிரியர் நாளும், நவம்பர் 1 கேரளப் பிறவி நாளும், பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடந்தன. பணி ஓய்வு பெற்ற இரு டீச்சர்களுக்குப் பொன்னாடை போர்த்தி விடைகொடுத்தோம்.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, ஆங்கிலம் கற்பிக்கும் நம் ஆசிரியர்களுக்காகச் சனிக்கிழமைகளில் நடத்திய ஏழு பயிற்சி அமர்வுகள்தான். இதை ஏன் தொடங்கினோம் என்பதைப் பதிவுசெய்ய வேண்டியது என் கடமை. நம் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது, கடையிலும் பேருந்திலும் மலையாளம் கேட்கிறது, ஒன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் படிக்கிறது, ஐந்தில் இந்தியும் வந்து சேர்கிறது. 1956-இல் ஏழாவது திருத்தத்தின் வழியாக அரசமைப்பில் இடம்பெற்ற 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. அந்தக் குழந்தையின் ஆசிரியர் எந்த மொழியில் பயிற்சி பெற வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நாம் செல்லும் பயிற்சிகளில் விளக்கம் மலையாளத்தில் நடக்கிறது. பயிற்சி தருபவர்களின் அக்கறையில் குறையில்லை. ஆனால் அவர்கள் காட்டும் வழி நம் வகுப்பில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. நம் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லின் மேல் பென்சிலால் தமிழில் ஒலியை எழுதிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ‘பின்’ என்று எழுதிவைத்தால் அது குண்டூசியா (pin), குப்பைத்தொட்டியா (bin)? மலையாளத்தில் இரண்டுக்கும் தனி எழுத்து உண்டு, தமிழில் ஒரே எழுத்துதான். இந்தச் சிக்கல் மலையாளவழி ஆசிரியருக்கு வருவதே இல்லை என்பதால், அந்தப் பயிற்சிகளில் அதற்கு விடையும் இல்லை.

அமர்வுகளில் உரை நிகழ்த்துவதைத் தவிர்த்து, ஒருவர் பாடம் நடத்த மற்றவர்கள் பார்த்துக் குறிப்பெடுப்பது என்று வைத்துக்கொண்டோம். 1979 முதல் 1984 வரை பேராசிரியர் என்.எஸ். பிரபு பெங்களூரு, சென்னை முதலிய ஊர்ப் பள்ளிகளில் நடத்திய திட்டத்தில், இலக்கணத்தை முன்னே வைக்காமல், வரைபடம், கால அட்டவணை போன்றவற்றைக் கொடுத்து, அவற்றிலிருந்து விடை தேடும் வேலையின் வழியாக ஆங்கிலம் கற்பிக்கப்பட்டது. அதை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றி, பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் பேருந்துகளின் நேரப் பட்டியல் ஒன்றை எழுதி, படியெடுத்துக் கொடுத்தோம்.

மூன்றாம் அமர்வுக்குத் தங்கள் பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேரை ஒரு டீச்சர் அழைத்து வந்திருந்தார். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு, “தி பஸ் கோஸ் டு எயிட் ஃபார்ட்டி” என்றாள். டீச்சர் உடனே திருத்த வாயெடுத்தார். பின்வரிசையில் இருந்தவர்கள் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். இதையே தமிழில் சொல்லம்மா என்று கேட்டபோது, “எட்டு நாப்பதுக்குப் பாலக்காட்டுக்குப் போவுது டீச்சர்” என்றாள். அப்போதுதான் எங்களுக்கே விளங்கியது. நமக்கு நேரத்துக்கும் ‘கு’, ஊருக்கும் ‘கு’. ஆங்கிலத்தில் நேரத்துக்கு ‘அட்’, ஊருக்கு ‘டு’. பிள்ளை தன் மொழியின் ஒழுங்கைச் சரியாகவே பின்பற்றியிருக்கிறாள். கரும்பலகையில் இரண்டு ‘கு’வையும் வட்டமிட்டு, ஒன்றின் கீழ் கடிகாரமும் மற்றதன் கீழ் ஊரும் வரைந்தவுடன் எட்டுப் பேரும் தாங்களாகவே திருத்திச் சொன்னார்கள். பதினைந்து ஆண்டுகளாக இந்தப் பிழைக்குச் சிவப்பு மை போட்டுவந்த நான், அதன் காரணத்தை அன்றுதான் அறிந்தேன்.

கேள்வி கேட்டபின் ஆசிரியர் காத்திருக்கும் நேரத்தையும் கைப்பேசியில் அளந்தோம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு நொடி அளவே காத்திருப்பதாகவும், அதை மூன்று நொடியாக்கினால் பிள்ளைகளின் விடை நீள்வதாகவும் 1970களிலேயே காட்டியிருக்கிறார். நம்மில் எவரும் அந்த மூன்று நொடியைத் தொடவில்லை.

இனி வருத்தத்துடன் சொல்ல வேண்டியது. முதல் அமர்வில் நாற்காலி போதாமல் பெஞ்சுகளை இழுத்துப் போட்டோம். ஐந்தாம் அமர்வில் ஆறு பேர் இருந்தோம். குடும்பப் பொறுப்பு, தேர்வுப் பணி, தொலைவு ஆகியவற்றை நான் அறியாதவன் அல்லன். ஆனால், வேலந்தாவளத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி ஒருவர் ஏழு அமர்வுக்கும் வந்தபோது, அமர்வு நடந்த பள்ளிக்கு நடந்தே வரக்கூடியவர்கள் வரவில்லை. பலர் மற்றவர் முன்னால் ஆங்கிலம் பேசத் தயங்கியதே காரணம் என்று எண்ணுகிறேன். அந்தத் தயக்கம் எனக்கும் உண்டு. அதைப் போக்கிக்கொள்ளத்தான் நமக்குள்ளேயே கூடுகிறோம். அங்கே மதிப்பெண் போட எவரும் இல்லை.

சந்தா செலுத்தாதவர்கள் செலுத்தியவர்களைவிட அதிகம். சிலருடைய பாக்கி மூன்றாம் ஆண்டாகத் தொடர்கிறது. வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கையிருப்பு சிறிதளவு உள்ளது என்றும், படியெடுத்த செலவில் ஒரு பகுதி இன்னும் மன்றக் கணக்கில் ஏறவில்லை என்றும் மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

வகுப்பறை தந்து உதவிய தலைமையாசிரியைக்கும், விடுமுறை நாளிலும் கதவு திறந்து தேநீர் வைத்துக் கொடுத்த பள்ளி ஊழியருக்கும், பிள்ளைகளை அனுப்பிவைத்த பெற்றோருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ‘பின்’ சிக்கலுக்கான ஒலிப் பயிற்சி அட்டைகளை நாமே தயாரிக்க எண்ணியுள்ளேன். மாதிரி ஒன்று முடிந்து தலைவரிடம் உள்ளது. அட்டைகளை அச்சிடப் பணம் வேண்டும், பாடம் நடத்திக் காட்ட ஆள் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அமர்வுகளை நடத்தும் பொறுப்பை என்னால் மீண்டும் ஏற்க இயலாது. இளையவர் எவரேனும் முன்வந்தால் குறிப்பேடுகள் அனைத்தையும் மகிழ்ச்சியோடு ஒப்படைத்து, பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பேன். சந்தாப் புத்தகம் இன்று பொருளாளரின் மேசையில் திறந்திருக்கிறது. அதன் அருகிலேயே, ஜூன் மாத முதல் அமர்வில் பாடம் நடத்த விரும்புவோர் பெயர் எழுத ஒரு தாளும் வைத்திருக்கிறேன். இதுவரை அதில் வேலந்தாவளம் டீச்சரின் பெயர் மட்டுமே உள்ளது.

இப்படிக்கு,
செயலாளர்