திறக்காத பாட்டிலில் பச்சைக் கிருமி: கிருமிநாசினி நிறுவனத்துக்கு ஐந்தாவது புகார்

அனுப்புநர்:
தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர்,
40 படுக்கை தனியார் மருத்துவமனை, ஈரோடு.

பெறுநர்:
தரக் கட்டுப்பாட்டு மேலாளர்,
கிருமிநாசினி தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: தண்ணீர் கலக்காமல் அப்படியே பயன்படுத்தும் மேற்பரப்புக் கிருமிநாசினி, 1 லிட்டர், பென்சல்கோனியம் குளோரைடு 0.1% – சீல் உடைக்காத பாட்டில்களில் சூடோமோனாஸ் கிருமி – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயத்துக்காக நான்கு கடிதம், ஒன்பது போன், கோவைக்கு ஒரு பயணம் ஆகிவிட்டது. கைக்கு வந்தது மூன்று புகார் எண்களும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற குறுஞ்செய்தியும்தான். முந்தைய கடிதங்கள் உங்கள் மேஜைக்கு வந்திருக்காது என்று நம்பி, மரியாதையோடு இன்னொரு முறை எழுதுகிறேன்.

உங்கள் சரக்கைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆகவே சோதனையிலிருந்தே தொடங்குகிறேன். டிரெஸ்ஸிங் டிராலியை உங்கள் மருந்தால் துடைத்த பிறகு எடுத்த ஸ்வாபில் (பஞ்சுக்குச்சி மாதிரியில்) சூடோமோனாஸ் எருஜினோசா கிருமி வந்தது. ஒழுங்காகத் துடைக்கவில்லை என்று முதலில் வார்டு ஆயாம்மாக்களைத்தான் திட்டினோம். அதற்காக அவர்களிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. நீங்கள் இன்னும் கேட்கவில்லை. பிறகு அதே பேட்சில் திறக்காத ஐந்து பாட்டில்களைச் சோதித்தோம். ஒவ்வொன்றிலிருந்தும் 1 மி.லி. எடுத்து, 3% ட்வீன் 80, 0.3% லெசித்தின் கலந்த 9 மி.லி. நியூட்ரலைசர் பிராத்தில் (மருந்தின் வேலையை நிறுத்தி, உயிரோடு இருக்கும் கிருமியை வளரவிடும் திரவத்தில்) விட்டோம். அதிலிருந்து 0.02 மி.லி. அளவில் தலா பத்துச் சொட்டு, கிருமி வளர்க்கும் இரண்டு அகார் பிளேட்டுகளில். ஒன்று 37 டிகிரியில் மூன்று நாள், மற்றது அறை வெப்பத்தில் ஏழு நாள். எந்தப் பிளேட்டிலாவது ஐந்து காலனியோ (கிருமி பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளி) அதற்கு மேலோ வந்தால் கரைசல் தேறவில்லை என்று அர்த்தம். 1966இல் கெல்சியும் மாரரும் ஆஸ்பத்திரிக் கிருமிநாசினிகளுக்கு வகுத்த அதே இன்-யூஸ் டெஸ்ட்தான். நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

ஐந்தில் மூன்று பாட்டில் தேறவில்லை. ஒன்றில் எண்ண முடியாத அளவு. ஒன்றில் 41 காலனி, அதாவது மில்லிக்குச் சுமார் 2,000. மூன்றாவதில் 12. வேறு பேட்ச் பாட்டில்களில் பூஜ்யம்.

இந்த இடத்தில்தான் உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பையன் கேட்டார்: "கிருமியக் கண்ணால பாத்தீங்களா மேடம்?" பார்த்தேன் தம்பி. பிளேட் முழுக்க நீலப்பச்சை. இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் பழுத்த திராட்சை வாசம். செட்ரிமைடு அகாரில் போட்டாலும் தளதளவென்று வளர்ந்தது. செட்ரிமைடு யார்? உங்கள் பாட்டிலில் இருக்கும் பென்சல்கோனியத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மற்ற கிருமிகளை அடக்கிவிட்டு இந்த ஒன்றை மட்டும் பிரித்து வளர்க்க லேபில் லிட்டருக்கு 0.3 கிராம் போடுகிறோம். எந்தக் கிருமியைப் பிடிக்க உங்கள் மருந்தின் உறவுக்காரனையே தீனியில் கலக்கிறோமோ, அந்தக் கிருமி உங்கள் பாட்டிலுக்குள் வராது என்று எந்த தைரியத்தில் சொல்கிறீர்கள்?

அதோடு விட்டாரா? "நுரை கம்மியா இருந்தா கொஞ்சம் சோப் ஆயில் கலந்துக்கோங்க, பவர் ஏறும்" என்றார். நான் சும்மா இருந்திருப்பேன், இந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால். உங்கள் மருந்து நேர்மின்சுமை உள்ளது, சோப்பு எதிர்மின்சுமை உள்ளது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு செத்துப்போகும். கிருமி நிம்மதியாக இருக்கும். சோப் ஆயிலால் தரையைத் துடைத்துவிட்டு அலசாமல் உங்கள் மருந்தை அடித்தாலே பலன் பாதியாகிவிடும், இவர் கலக்கவே சொல்கிறார். இன்னும் எத்தனை ஆஸ்பத்திரிக்கு இதே யோசனை போயிருக்கிறது?

கோபத்தில் வரிசை மாறிவிட்டது, மன்னிக்கவும். கோவை விஷயம். டீலர், "கம்பெனியில கேளுங்க" என்று சொல்லி, சாம்பிளை நேரில் டிப்போவில் கொடுக்கச் சொன்னார். ஐஸ் பெட்டியில் ஜெல் பேக் வைத்து, பாட்டில்களை நிமிர்த்தி அடுக்கி, போக 100 கிலோமீட்டர், வர 100. அங்கே ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, "சாம்பிளெல்லாம் டீலர் மூலமாத்தான் வரணும்" என்று திருப்பி அனுப்பினார்கள். வாடகைக் கார் ₹3,200. டீலருக்கும் டிப்போவுக்கும் நடுவே பந்தாடுவதற்குப் பிறந்தவர்களா நாங்கள்?

இப்போது உங்கள் பகுப்பாய்வுச் சான்றிதழ். அதே பேட்சுக்கு "வளர்ச்சி இல்லை" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். சோதனை முறை: பாட்டிலிலிருந்து நேராக நியூட்ரியன்ட் அகாரில், 24 மணி நேரம். நியூட்ரலைசர் என்ற வார்த்தையே இல்லை. மருந்தும் கிருமியோடு சேர்ந்தே பிளேட்டுக்குப் போகிறது. அங்கே அது கிருமியைக் கொல்வதில்லை, தலைதூக்க விடாமல் அமுக்கி வைக்கிறது. பூஜ்யம் என்று எழுதி லாரியில் ஏற்றுகிறீர்கள். எண்ண முடியாத அளவு காலனி வந்த அந்தப் பாட்டிலையே உங்கள் முறைப்படியும் போட்டுப் பார்த்தோம்: 24 மணி நேரத்தில் இரண்டே காலனி. உங்கள் சான்றிதழின் மதிப்பு அவ்வளவுதான்.

பஞ்சு மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், போர் தண்ணீரின் உப்பு வீரியத்தைக் குறைக்கும், ரத்தம் சீழ் இருந்தால் வேலை செய்யாது என்று மூன்றாவது போனில் ஒரு அம்மையார் விளக்கினார். பணிவாகப் பேசினார், சொன்னதும் சரி. ஆனால் சீல் உடைக்காத பாட்டிலுக்குள் பஞ்சு ஏது, ஈரோட்டு போர் தண்ணீர் ஏது?

எங்கள் கணிப்பு: கோளாறு நீங்கள் மருந்து தயாரிக்கும் ஆர்.ஓ. தண்ணீரில். சூடோமோனாஸுக்குச் சுத்த தண்ணீரே போதும். தண்ணீர் ஓடாமல் நிற்கும் குழாய் முனையில் வழவழப்பாகப் படலம் கட்டி, அதற்குள் குடியிருக்கும். அதன் வெளிச்சவ்வு மருந்தை எளிதில் உள்ளே விடாது, மீறி உள்ளே வரும் மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் வேறு. படலத்திலிருந்து பிய்ந்து வந்த துணுக்கு 0.1% கரைசலில் விழுந்தால் சாகாமல் பழகிக்கொள்ளும். இது புதுச் செய்தியும் அல்ல. செட்ரிமைடு கரைசலில் இதே கிருமி இருந்ததை 1951இலேயே பர்மிங்ஹாமில் லோபரி என்ற ஆய்வாளர் எழுதிவைத்தார். அன்று இதன் பங்காளியாக வைத்திருந்த செபாசியா என்ற கிருமி, 0.05% பென்சல்கோனியம் போட்ட உப்புக் கரைசலில் 14 வருடம் உயிரோடு இருந்தது 1979இல் பதிவாகியிருக்கிறது. லேபிளில் "99.99%" என்று போடுகிறீர்களே, பத்து லட்சத்தில் நூறு மிஞ்சும் என்பதுதான் அதன் கணக்கு. அந்த நூறுக்குப் பாட்டிலிலேயே இடம் கொடுத்தது நீங்கள்.

நஷ்டம்: ஆபரேஷன் தியேட்டர் இரண்டு நாள் மூடல், நான்கு வார்டு மறுசுத்தம், ஸ்வாப் செலவு. இரண்டு லட்சத்துக்குக் குறையாது. பத்து வருடம் சேர்த்த பெயர் ஒரே வாரத்தில் மண்ணாய்ப் போனதற்கு விலை போட முடியாது.

தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். அந்தப் பேட்சை மற்ற மருத்துவமனைகளிலிருந்தும் உடனே திரும்பப் பெறுங்கள். இது முதல் வேலை. நீங்கள் எடுத்துவைத்திருக்கும் சாம்பிளை நியூட்ரலைசர் போட்டுச் சோதித்து, இரண்டு வெப்பநிலைப் பிளேட் முடிவுகளையும் எழுத்தில் தாருங்கள். ஆர்.ஓ. குழாயை 80 டிகிரி வெந்நீர் விட்டுச் சுத்தம் செய்கிறீர்களா, கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று சொல்லுங்கள். சோப் ஆயில் யோசனை தவறு என்று எல்லா வாடிக்கையாளருக்கும் அறிவிப்பு அனுப்புங்கள். 24 பாட்டில் பணமும் கார் வாடகையும் வர வேண்டும்.

உங்களோடு சண்டை போடுவது எங்கள் நோக்கமல்ல; மற்ற பேட்சுகளை இன்றும் வாங்குகிறோம். ஆனால் ஏழு நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், பிளேட் படங்கள், பேட்ச் எண், உங்கள் சான்றிதழ், போன் உரையாடல் பதிவு எல்லாம் மருந்து ஆய்வாளரிடமும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திடமும் போகும். லேபிளில் உள்ள உரிம எண்ணையும் குறித்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர்

பி.கு.: மீதி ஆறு பாட்டில்களைச் சீல் உடைக்காமல் பூட்டி வைத்திருக்கிறோம். ஆள் அனுப்பினால் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூன்றைக் கொடுப்போம், மூன்று எங்களிடமே இருக்கும். கோவைக்கு இனி வருவதாக இல்லை.